பட்டைக்காக வந்த மரம்

கொடைக்கானலிலிருந்து பூண்டிக்குப் போகும் வழியெல்லாம் நிற்கிறது வாட்டில். இறகு மாதிரி இலை, மஞ்சள் பொடியுருண்டை மாதிரி பூ, வரிசையாக விதை புடைத்த காய். அவரைக் குடும்பத்து அகேசியா இனம். நீலகிரியில் இதைச் சீகை மரம் என்பார்கள். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு.

வாட்டிலில் ஒரு வகையான கருப்பு வாட்டிலின் அறிவியல் பெயர் அகேசியா மியர்ன்சி. மியர்ன்ஸ் என்ற அமெரிக்கர் கிழக்கு ஆப்பிரிக்காவில் பறித்த கிளையை வைத்து 1925-இல் சூட்டிய பெயர் அது. பெயர்கூடப் போன இடத்தில் கிடைத்ததுதான்.

ஆப்பிரிக்காவுக்கு அதைக் கொண்டுபோனவர்களில் ஒருவர் ஜான் வாண்டர்பிளாங்க். 1864-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் விதைத்தார். அதற்கு நாலு வருஷம் முன்னால், 1860-இல்தான், சென்னையில் கப்பலேறிய நம் ஆட்கள் அங்கே கரும்புத் தோட்டக் கூலிகளாக இறங்கியிருந்தார்கள். நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் வைத்த மரத்தின் பட்டையில் தோல் பதனிடும் துவர்ப்பு ஏராளம் என்பது பிறகே தெரிந்தது.

தமிழ்நாட்டுத் தோல் ஷாப்களில் அதுவரை ஆவாரம்பட்டைதான் ராஜா. ஆவாரையும் அவரைக் குடும்பம்தான். வறண்ட காட்டில் தானாக வளர்வது, பெண்கள் உரித்துச் சுமந்து வந்து விற்றது. நேட்டால் பட்டை வந்து இறங்கியதும் பங்காளியே பங்காளியை ஓரங்கட்டினான். 1946-இல், அங்குள்ள இந்தியர்களை ஒடுக்கும் சட்டத்தை எதிர்த்து, தென்னாப்பிரிக்காவோடு இந்தியா வணிகத்தை முறித்தது. நியாயமான முடிவு. ஆனால் பட்டைக்கு எங்கே போவது?

மலைக்கு. வெள்ளைக்காரர்கள் விறகுக்காக முன்பே இங்கே வாட்டில் நட்டிருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வனத்துறை அதைப் பெரிய அளவில் நட்டது. இடம்? புல்வெளி. மரமில்லாத நிலத்தை வெறும் நிலம் என்று எழுதிவைத்த கணக்கு அது. அந்தப் புல்லும் பள்ளத்துச் சோலையும் சேர்ந்துதான் மழையைப் பிடித்து ஓடையாக விட்டன. காட்டுமாடு மேய்ந்ததும் அங்கேதான். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. வாட்டில் மட்டும் காரணமில்லை. பைன், யூகலிப்டஸ், நம் உருளைக்கிழங்கு வயலும்தான்.

இதற்கிடையில் தோல் ஷாப்கள் குரோம் உப்புக்கு மாறின. பட்டையைத் தேடுவோர் குறைந்தார்கள், மரம் குறையவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டி வெயில் பட்டால் முளைக்கும். தீ பட்டால் இன்னும் மும்முரமாக முளைக்கும். எனவே மொத்தமாக வெட்டிச் சாய்ப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை.

பூண்டிப் பக்கம் போனால், சோலையை ஒட்டி நிற்கும் பழைய வாட்டில் மரத்தடியில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அந்த நிழலில் சோலை மரக் கன்றுகள் தலைதூக்கியிருக்கக்கூடும். புல் மட்டும் அங்கே இருக்காது.