ஐஸ்லாந்து சுகாதாரத் தரவுத்தளம்

அத்தீவு மக்கள் அனைவருடைய மருத்துவக் குறிப்புகளையும் ஒருங்கே தொகுத்து, வமிசாவளிச் செய்திகளோடும் மரபணுச் செய்திகளோடும் இணைத்து ஆராயும் நோக்கத்துடன், 1998 டிசம்பரில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தினால் வகுக்கப்பட்ட திட்டம். இதை நடத்தும் உரிமை, 1996இல் தோன்றிய டிகோட் ஜெனடிக்ஸ் என்னும் தனியார் கம்பெனியின் கிளைக்கு 2000இல், 12 ஆண்டுக் காலத்திற்கு வழங்கப்பட்டது.

ஆட்சேபம் எழுதிக்கொடாதவர் யாவரும் சம்மதித்தவராகவே கொள்ளப்பட்டமை பெருஞ்சர்ச்சைக்கு இடமாயிற்று. சுமார் 20,000 பேர் விலகிக்கொண்டனர். காலஞ்சென்ற தந்தையின் குறிப்புகளைச் சேர்க்கலாகாதென மகள் ஒருத்தி தொடுத்த வழக்கில், அவற்றிலிருந்து அவளுடைய அந்தரங்கமும் வெளிப்படக்கூடும் என்பதை ஏற்ற உச்ச நீதிமன்றம், அடையாள எண்ணைச் சங்கேதமாக்கினாலும் வயது, ஊர், விவாக நிலை முதலியவற்றால் ஆளை அறியலாகுமாதலின், சட்டம் அளிக்கும் பாதுகாப்புப் போதாதென்று 2003 நவம்பரில் தீர்ப்பளித்தது. தரவுத்தளம் அமைக்கப்படவே இல்லை. டிகோட், தனித்தனியே சம்மதம் அளித்தவர்களைக் கொண்டே ஆராய்ச்சியைத் தொடர்ந்தது.