விளக்கு ஏன் எரிகிறது

அம்மா மருத்துவமனையில் இருந்தபோது, ஆய்வுக்காகத் தகவல் கேட்க ஒரு பயிற்சி மிசி வந்தார். மலாய்ப் பெண். இரவு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"வெளக்க அணைக்கவே மாட்டேங்கிறாங்கய்யா" என்றார் அம்மா.

தாளில் 'தூக்கக் குறைவு' என்று ஏறியது.

பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. அம்மா பிறந்த தோட்டத்து ஆஸ்பத்திரியில் விடிய விடிய விளக்கு எரிந்தால் யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்று அர்த்தம். சிறுவயதில் நூறு முறை கேட்ட கதை அது. அம்மா தூக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. நானும் சொல்லைத்தான் பெயர்த்திருக்கிறேன்.

நோயாளியை எண்ணாக மட்டும் பார்க்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் தாதிமை ஆய்வு தத்துவத்தின் பக்கம் வந்தது. 1984இல் பெட்ரீசியா பென்னர், தாதியரின் அனுபவக் கதைகளைப் பொருள்கோளியல் வழியில் வாசித்து நூலாக்கினார். ஹைடெக்கரின் பெயர் தாதிமைக் கல்லூரிகளுக்குள் நுழைந்தது. 1996இல் மைக்கல் குரோட்டி அத்தகைய முப்பது ஆய்வுகளை எடுத்து அலசினார். நிகழ்வியல் என்று பெயர் சூட்டிக்கொண்டு அகவுணர்வுகளைச் சேகரிக்கிறார்கள், ஐரோப்பியத் தத்துவம் கேட்ட கேள்வி அதுவல்ல என்பது அவரது விமர்சனம்.

என் சந்தேகம் வேறு. கடாமர் 1960இல் எழுதிய 'உண்மையும் முறையும்' நூலின்படி, புரிதல் என்பது இரு வரலாறுகள் உரையாடுவது. கேட்பவருக்கும் முன்முடிவு உண்டு. பேட்டியைத் துண்டாக்கி, தலைப்பிட்டு அடுக்கும்போது முதலில் உதிர்வது அந்த வரலாறுதான். எங்கள் வீட்டில் உதிர்ந்தது ஒரு தோட்டம்.

நம் உரைமரபு இதை அறியாததல்ல. குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக நோயாளியின் அருகிருந்து பணி செய்பவரையும் வைக்கிறது. உரை எழுதிய பரிமேலழகர் ஒவ்வொன்றையும் மேலும் நான்காக விரிக்கிறார். நோயாளியின் பங்கில், தன் நோய்நிலையை உணர்த்துவதும் ஒன்று. அப்படியானால் அம்மாவின் பேச்சு சிகிச்சைக்கு வெளியே கிடக்கும் தரவு அல்ல, சிகிச்சையின் பாகம். அதைத் தவறாக வாசித்தால் மருந்திலேயே ஒரு பங்கு குறைகிறது.

மறுநாள் மிசியிடம் விஷயத்தைச் சொன்னேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு போய் அம்மாவின் தலைமாட்டு விளக்கை அணைத்தார்.