தும்பை விட்டு எலியின் வாலைப் பிடித்த கதை

நம் நாட்டில் ஒரு பிரச்சினை வந்தால் அரசாங்கம் முதலில் ஒரு கமிட்டி போடும். கமிட்டியால் யாருக்கும் கெடுதல் இல்லை. டீ, பிஸ்கட் செலவோடு போய்விடும். அதற்கு அடுத்தபடியாக ஒரு பரிசையோ அபராதத்தையோ அறிவிக்கும். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இதற்கு, நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் 1902-ஆம் ஆண்டு ஹனோய் நகரத்தில் நடத்திய எலி வேட்டையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்கு இந்தோசீனா அந்நிய இடமில்லை. இங்கிருந்து சொல்தாவாகவும், வரி வசூலிப்பவராகவும், போலீஸ்காரராகவும், குமாஸ்தாவாகவும் கப்பலேறிப் போனவர்கள் ஏராளம். சைகோன் பணத்தில் கட்டிய வீடுகளைப் பற்றி நம் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். எலிக் கதையை மட்டும் யாரும் சொல்லவில்லை.

பிரெஞ்சில் படித்த என் போன்றவர்களுக்குப் போல் துமேர் என்ற பெயர் தெரிந்திருக்கும். 1931-இல் பிரான்சின் குடியரசுத் தலைவரானவர். அடுத்த ஆண்டு மே மாதம் பாரீசில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு வெகுகாலம் முன்பு, 1897 முதல் 1902 வரை, அவர் இந்தோசீனாவின் கவர்னர் ஜெனரல். ரயில் பாதை, செந்நதியின் மேல் நீண்ட இரும்புப் பாலம் என்று பெரிது பெரிதாகக் கட்டினார். ஹனோயை ஆசியாவின் பாரீசாக ஆக்க வேண்டும் என்று வெள்ளையர் பகுதியில் அகலமான வீதிகள் போட்டு, அடியில் பாதாளச் சாக்கடையும் வைத்தார்கள்.

சாக்கடை எலிகளுக்கு ராஜபாட்டையாகிவிட்டது. உள்ளே இருட்டு, ஈரம், சாப்பாடு எல்லாம் உண்டு. பூனை, பாம்பு தொல்லை கிடையாது. அதே சாக்கடை வழியாக நேரே வெள்ளைக்காரர் வீட்டுக் கழிவறைக்கே எலி ஏறி வந்தது. வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அது பிளேக் காலம். 1894-இல் ஹாங்காங்கில் யெர்சன் அந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். 1896-இல் பம்பாயைப் பிளேக் பிடித்தது. எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று 1898-இல் கராச்சியில் சோதித்துச் சொன்னவர் சீமோன் என்ற பிரெஞ்சு டாக்டர். ஆகவே அரசாங்கம் பயந்ததில் நியாயம் இருந்தது.

முதலில் கூலி பேசிச் சாக்கடைக்குள் ஆட்களை இறக்கினார்கள். அந்த வியட்நாமியத் தொழிலாளிகள் பட்ட பாட்டை நான் விவரிக்க வேண்டாம். 1902 ஏப்ரல் கடைசி வாரத்தில் சுமார் 8,000 எலிகள் விழுந்தன. மே 30 அன்று ஒரே நாளில் 15,041. ஜூன் 21 அன்று 20,112. இப்படிக் கொன்றும் எலி குறைந்தபாடில்லை. பிறகுதான் அதிகாரிகளுக்கு அந்த யோசனை வந்தது. பொதுமக்களில் யார் எலியைக் கொன்றாலும் சன்மானம், வால் ஒன்றுக்கு ஒரு சென்ட்.

ஏன் வால்? எங்கள் குமாஸ்தா வர்க்கத்துக்கு இது உடனே புரியும். முழு எலியைக் கொண்டுவந்தால் எங்கே வைப்பது, யார் புதைப்பது? வால் என்றால் வசதி. எண்ணலாம், பதிவேட்டில் எழுதலாம், பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம். தணிக்கையில் ஓர் ஆட்சேபணையும் வராது.

வால்கள் வந்து குவிந்தன. அதிகாரிகள் மகிழ்ந்தார்கள். சில நாளில் ஹனோய் தெருக்களில் வாலில்லாத எலிகள் ஓடுவதைப் பார்த்தார்கள்! வாலை மட்டும் நறுக்கிவிட்டு எலியை விட்டுவிட்டார்கள் மக்கள். உயிரோடு இருந்தால்தானே குட்டி போடும், குட்டிக்கும் ஒரு வால் இருக்கும். வெளியூரிலிருந்து எலிகளைக் கடத்தி வந்ததும் தெரியவந்தது. கடைசியில் சுகாதார அதிகாரிகள் போய்ப் பார்த்தால், ஊருக்கு வெளியே எலிப் பண்ணையே வைத்திருந்தார்கள். சன்மானத்தை நிறுத்திவிட்டார்கள். பிளேக் அடுத்த சில ஆண்டுகளில் ஹனோய்க்கு வந்தே தீர்ந்தது.

'தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே' என்று நம் முன்னோர் மாட்டை வைத்துச் சொன்னார்கள். எலிக்கும் அது பொருந்தும்.

வியட்நாமியர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று அன்றைய பிரெஞ்சுக்காரர்கள் திட்டினார்கள். சொந்த நாட்டில் அவர்களே என்ன செய்தார்கள்? 1798-இல் பிரான்சில் கதவு, ஜன்னல்களுக்கு வரி போட்டார்கள். பணக்காரன் வீட்டில் ஜன்னல் அதிகம் இருக்கும், தெருவில் நின்றே எண்ணிவிடலாம் என்பது கணக்கு. ஜனங்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். ஏழைகள் வெளிச்சமும் காற்றும் இல்லாத வீடுகளில் கிடந்தார்கள். விக்தோர் உய்கோ தம் நாவலில் இந்த வரியைச் சாடினார். அப்படியும் அது ஒழிந்தது 1926-இல்தான். ஏமாற்றுவதற்குத் தேசம், நிறம் எல்லாம் கிடையாது. எதை எண்ணிப் பணம் கொடுக்கிறீர்களோ அது பெருகும். எதை எண்ணி வரி போடுகிறீர்களோ அது மறையும்.

எலி, ஜன்னல் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். மனிதர்களை எண்ணியபோது சிரிக்க முடியவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு 'இலக்கு' வைத்தார்கள். 1976-77 ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேல் அறுவைச் சிகிச்சைகள். வட இந்தியாவில் ஆள் பிடித்து வராத ஆசிரியர்களுக்குச் சம்பளத்தை நிறுத்தினார்கள். எண்ணிக்கைக்காகக் கல்யாணமாகாதவர்களையும் கிழவர்களையும்கூட விட்டுவைக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்களைப் பற்றி ஷா கமிஷனுக்குத் தகவல் போயிற்று. பதிவேட்டில் இலக்கு பூர்த்தி. 1977 மார்ச்சில் வட இந்திய மக்கள் வேறு பதிவேட்டில் பதில் எழுதினார்கள்.

கேரளத்தில் குழந்தைப் பிறப்பு எப்படிக் குறைந்தது? பெண்பிள்ளைகள் படித்தார்கள். பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. அது மெதுவாக நடந்த வேலை. மார்ச் 31-க்குள் கணக்குக் காட்ட முடியாது. ஆனால் அதுதான் தும்பு.

இவ்வளவு சொல்லிவிட்டு யோசனை சொல்லாமல் விட்டால் நானும் ஒரு கமிட்டியாகிவிடுவேன். என் சிற்றறிவுக்கு எட்டியவை இவை:

1. மரக்கன்று: எத்தனை நட்டோம் என்று எண்ணாதீர்கள். ஒரே குழியில் ஆண்டுதோறும் வேறு வேறு பிரமுகர் கன்று நடுவதை நாம் பார்க்கிறோம். மூன்றாம் ஆண்டு உயிரோடு நிற்பதை எண்ணுங்கள். போட்டோவும் அன்றைக்கே எடுக்கலாம். பிரமுகருக்குப் பின்னால் நிழலாவது இருக்கும்.

2. வாய்க்கால் தூர் வாருதல்: அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவிக்கிறார்கள், முதல் மழையில் அது பிறந்த வீட்டுக்கே திரும்பிவிடுகிறது. பில்லில் பாதியை ஐப்பசி மழை முடிந்த பிறகு கொடுங்கள். தண்ணீர் ஓடினால் பணம்.

3. குப்பை: எடை போட்டுக் காசு கொடுத்தால் கல்லும் மண்ணும் வண்டியேறும். தெருவின் சுத்தத்துக்குக் கொடுங்கள். சான்று வேண்டுமா? அந்தத் தெருவில் காலையில் கோலம் போடும் மூன்று பெண்களின் கையெழுத்து போதும். அவர்களை எந்தக் கான்டிராக்டரும் ஏமாற்ற முடியாது.

4. ஹெல்மெட்: எவ்வளவு அபராதம் வசூலானது என்று பெருமைப்படாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு மண்டை உடைந்து வந்தவர்கள் எத்தனை பேர் குறைந்தார்கள் என்று பாருங்கள். ஒரு ரூபாய்கூட வசூலாகாத ஊரின் போலீசுக்குத்தான் மெடல் கொடுக்க வேண்டும்.

5. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: எந்தத் திட்டத்தையும் அறிவிக்கும் முன் ஒரு நாள் டீக்கடை பெஞ்சில் வையுங்கள். 'இதில் எப்படிக் காசு பார்க்கலாம்?' என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது டீ வருவதற்குள் நாலு வழி சொல்லிவிடுவார்கள். அந்த நாலையும் அடைத்துவிட்டு அரசாணை போடுங்கள். செலவு டீ, பிஸ்கட்தான். கமிட்டிக்கும் அதே செலவுதானே ஆகிறது?