தில்லை மரமும் பிச்சாவரக் கழிகளும்

மரத்தின் பெயரை ஊருக்கு இட்டு வழங்குதல் தமிழரிடைப் பழைய வழக்கம். ஆலங்காடு, பனையூர், கடம்பூர் என்றாற்போல்வன பல. ஆயினும் பெயர் ஊரில் நிலைத்திருக்க, மரம் ஊரைவிட்டு மறைந்தமைக்குச் சிதம்பரத்தினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. சைவ உலகிற் கோயில் என்ற அளவிலே குறிக்கப்படுவது தில்லையே. கி. பி. 7 ஆம் நூற்றாண்டிலே அப்பரும் சம்பந்தரும் பாடிய பதிகங்களில் அப்பெயர் பயில்கின்றது. புலிக்கால் முனிவர் வந்தடைந்த காலத்து அவ்விடம் தில்லை வனமாய் இருந்ததென உமாபதி சிவாசாரியாரின் கோயிற்புராணம் கூறும். இன்று அந்நகரிலே தில்லைக் காடு இல்லை. அம்மரத்தைக் காண விரும்புவோர் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் சென்று, பிச்சாவரத்துக் கழியிலே படகேறல் வேண்டும்.

தில்லை கண்டல் இனத்தைச் சேர்ந்தது. கடல்நீர் ஏறி வடியும் சேற்று நிலத்தில் வளரும் மரக்கூட்டம் முழுவதையும் ஈழத்தவர் கண்டல் என்பர். தமிழ்நாட்டார் இக்காலத்து அலையாத்தி என வழங்குவர். தில்லையின் கிளையை ஒடித்தால் வெண்பால் வடியும். அப்பால் உடலிற் பட்டாற் புண்ணாகும்; கண்ணிற் பட்டாற் பார்வையே கெடுதலும் உண்டு. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. உதிருமுன் இலைகள் செந்நிறம் பெறும். சுரபுன்னையைப் போலத் தாங்குவேர் ஊன்றியோ, வெண்கண்டலைப் போல மூச்சுவேர்களைச் சேற்றின்மேல் நிறுத்தியோ அது வாழ்வதன்று. வேர்களை நிலத்தின் மேற்பரப்பிலே படரவிட்டு, பேரலையேற்றத்தின்போது மட்டும் உப்புநீர் எட்டுகின்ற நிலப்புற விளிம்பையே அது பெரிதும் நாடும்.

மரநூலார்க்குரிய இச்செய்தி வரலாறு கற்போர்க்கும் பயன்படுவதாகும். தில்லை காடாய்ச் செறிந்த இடத்துக்கு உவர்நீர் அண்மையில் இருந்திருத்தல் வேண்டும். சிதம்பரமோ வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தாழ்ந்த வண்டல் நிலத்தில் அமைந்தது. ஆகவே, புராணம் கூறும் தில்லை வனத்தை வெறுங் கற்பனையெனத் தள்ளாது, பண்டு உண்மையில் இருந்த கழிக்காடொன்றின் நினைவெனக் கொள்ளுதலே பொருத்தமாகும். கல்வெட்டினைப் போல ஊர்ப்பெயரும் ஒரு சான்றன்றோ!

சங்கப் புலவர் இம்மரத்தை நன்கறிந்திருந்தனர். கரிய கழியிலே கொழுமீனை உண்ட நீர்நாய்க் குட்டி தில்லைப் புதரிலே துயில்வதை நற்றிணையின் 195 ஆம் பாட்டுக் காட்டுகின்றது. ஐங்குறுநூற்றின் 131 ஆம் பாட்டுத் தில்லையை வேலியாகவுடைய நெய்தல் நில ஊரொன்றைச் சொல்லும். இவை கண்ணாரக் கண்டோர் கூற்றுக்கள். நீர்நாய் இன்றும் பிச்சாவரத்தில் வாழ்கின்றது. ஈழத்திலிருந்து தில்லைக்குச் சென்ற அடியார் எத்தனையோ பேர். நாவலர் பெருமான் 1864 இல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். எனினும் கோயிலைக் கண்டு மீண்டோருள் மரத்தையும் கண்டு மீண்டோர் சிலராகவே இருத்தல் கூடும்.

பிச்சாவரக் காட்டின் பரப்பு ஏறத்தாழ 1,100 ஹெக்டயர். சிறியவும் பெரியவுமான ஐம்பதளவு தீவுகளைக் கால்வாய்கள் பின்னிப் பிரிக்கின்றன. அகன்ற நீரிலே இயந்திரப் படகு செல்லும். கிளைகள் இருமருங்கும் கவிந்து கூடாரமிடும் ஒடுங்கிய ஓடைகளிலோ துடுப்புப் படகே செல்லவல்லது. அவ்விடத்து வழியறிந்த படகோட்டியின்றிப் புகுதல் தகாது. ஓர் ஓடையைப் போலவே மற்றோர் ஓடையும் தோன்றும். நீர் வற்றும் வேளையிற் சேற்றிலே நண்டுகள் வளை தோண்டும். சேற்று மீன் தரையில் துள்ளும். கொக்கும் நாரையும் வேர்களிடையே இரை தேடும். மாரிக்காலத்தில் வட நாடுகளிலிருந்து வலசைப் பறவைகள் வந்து சேரும்.

இவ்வளவு வளமும் அண்மைக் காலத்தில் அழிவின் விளிம்புவரை சென்று மீண்டதாகும். 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கி 1970கள் வரை, காட்டைப் பகுதிகளாகப் பிரித்து முறைவைத்து அடியோடு வெட்டும் திட்டம் அங்கே நடைபெற்றது. திட்டமிட்டோர் வெட்டிய இடம் தானே தழைக்குமென எண்ணினர். நிகழ்ந்தது வேறு. நிழலிழந்த சேறு வெயிலிற் காய்ந்து தாழ்ந்தது; தாழ்ந்த நிலம் தொட்டிபோலாயிற்று; ஏறிய கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி, வற்றி, உப்பாய் இறுகிற்று. விதைகள் முளைத்தில. 1836 இற் கட்டப்பெற்ற கீழணையும் 1934 இல் நிறைவுற்ற மேட்டூர் அணையும் உழவர்க்கு வாழ்வளித்தன என்பதில் ஐயமில்லை. ஆனாற் கழிமுகத்துக்கு வரும் நன்னீர் குறைந்தமையின், மிகுந்த உப்பைப் பொறாத மரங்கள் அருகின. காடழிந்ததற்கு ஆடுமாடு மேய்த்த ஏழை ஊரவர்மேலேயே பழி நெடுங்காலம் சுமத்தப்பட்டது, அது நீதியன்று. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் உண்மைக் காரணத்தைத் தெளிந்து, வனத்துறையாரோடும் அவ்வூர் மக்களோடும் கூடி, மீன்முள்ளுப்போற் கிளைக்கும் கால்வாய்களை வெட்டினர். அலைநீர் முன்போல் ஏறி வடிந்தது. நடப்பட்ட கன்றுகளும் வேர்கொண்டன.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, இக்காட்டின் பின்னேயிருந்த ஊர்கள் திறந்த கரையிலிருந்த ஊர்களினும் குறைந்த சேதமே அடைந்தன என்று 2005 இல் ஆய்வாளர் எழுதினர். அவ்வூர்கள் கடலுக்கு அப்பாலும் மேட்டிலும் இருந்தமையே காரணமாகலாமென மறுத்தோரும் உளர். இரு சாராரும் கூறுவதில் உண்மை உண்டு. காட்டினை மதில் என்பது மிகை, பயனற்றது என்பதும் பொருந்தாது.

மீட்கப்பட்ட நிலத்தில் நடப்பட்டவற்றுட் பெரும்பாலன வெண்கண்டலே. அது மிக்க உப்பையும் பொறுக்கும். தில்லைக்குரிய நிலப்புற விளிம்போ வயலும் இறாற்பண்ணையும் முதலில் நெருங்கும் இடமாகும். கடற்கரையோரத்து இறாற்பண்ணைகளை இந்திய உச்ச நீதிமன்றம் 1996 இலே தடுத்ததாயினும், ஒருமுறை வரம்பு கட்டப்பெற்ற நிலம் எளிதிற் கழிக்கு மீள்வதில்லை. ஆதலாற் காடு மீண்டபோதும், தில்லை பழைய நிலையை எய்திற்றென்று சொல்லுதற்கில்லை. ஆங்காங்கே தனித்து நிற்கும் அம்மரங்களின் கிளைகளை ஒடித்தல் கண்ணுக்குக் கேடாகும்.