ஊதிய வரம்பும் எஞ்சிய பொருளும்: உதைபந்தாட்டக் கழகங்களின் கணக்கு வரலாறு

பொருளின் அளவறிந்து செலவிடுதல் அரசர்க்கும் இல்லறத்தார்க்கும் மட்டுமே உரிய அறமன்று. வள்ளுவப் பெருந்தகை, பகைவர் வலியையும் தன் வலியையும் தூக்கிப் பார்க்குமாறு பணிக்கும் 'வலியறிதல்' என்னும் அதிகாரத்திலேயே, வருவாயையும் செலவையும் அளந்தறிதலைச் சேர்த்து வைத்தமை கருதத்தக்கது. போர்க்களத்துக்கு உரைத்த அவ்விதி இன்று ஆடுகளத்துக்கும் பொருந்துவதாயிற்று. வீரர்க்கு ஊதியம் வழங்கும் உதைபந்தாட்டக் கழகங்கள் பல, தம் விருப்பம்போற் செலவிட இயலாதவாறு வரம்பிடப்பட்டுள்ளன. அவ்வரம்புக்குள் இன்னும் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று மதிப்பிடுதல் ஒரு தனிக்கலையாகவே வளர்ந்துள்ளது. அக்கலை தோன்றி வளர்ந்தவாற்றையும், அதனால் வீரர்க்கு விளைந்த நன்மை தீமைகளையும் ஆராய்வது பயனுடைத்து.

இக்கணக்கின் இயல்பை வன்னி மக்கள் எளிதில் உணர்வர். இரணைமடு போன்ற பெருங்குளத்தின் கீழ்ச் சிறுபோகம் செய்யுமுன், குளத்தில் நிற்கும் நீர் எத்தனை அடி என்று பார்த்து, அதற்கேற்ப விதைக்கும் ஏக்கர் அளவைக் கூட்டத்தில் முடிவு செய்வது வழக்கம். அங்ஙனம் முடிவு செய்வோர் குளத்து நீர் முழுவதையும் கணக்கிற் கொள்வதில்லை. துருசுக்குக் கீழே கிடக்கும் நீர் வயலுக்கு வாராது. வெயிலில் ஆவியாகும் நீரும் பயிருக்கு உதவாது. இவற்றைக் கழித்து எஞ்சுவதே பங்கிடத்தக்க நீர். கண்ணுக்குத் தெரியும் நீர் வேறு, கைக்கு வரும் நீர் வேறு என்னும் இவ்வுண்மையே கழகங்களின் ஊதியக் கணக்குக்கும் அடிப்படையாகும்.

ஊதிய வரம்பு முதன்முதல் வேரூன்றியது இங்கிலாந்திலே. அங்கு வீரர் ஊதியம் பெற்று ஆடுதல் 1885 இல் அனுமதிக்கப்பட்டது. 1888 இல் பன்னிரண்டு கழகங்கள் கூடி உதைபந்தாட்ட லீக்கை நிறுவின. பெருநகரக் கழகங்கள் பொருள் வலிமையால் சிற்றூர்க் கழகங்களின் வீரர்களைக் கவர்ந்து சென்றன. அதனைத் தடுத்தற்கென 1901 இல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. எத்துணைச் சிறந்த வீரனாயினும் வாரமொன்றுக்கு 4 பவுணுக்கு மேற் பெறலாகாது என்பதே அவ்விதி. இது கழகம் முழுவதற்கும் இட்ட வரம்பன்று. ஒவ்வொருவன் தலைக்கும் இட்ட வரம்பாகும்.

இத்தகைய வரம்பு மறைவான கொடுப்பனவுகளுக்கு வழி திறந்தது. 1906 இல் மான்செஸ்டர் சிற்றிக் கழகத்தின் பதினேழு வீரர், விதியை மீறிப் பணம் பெற்றனர் என்று விலக்கி வைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான பில்லி மெரடித்தும் பிறரும் 1907 இல் வீரர் தொழிற்சங்கத்தை நிறுவினர். 1919 இல் லீட்ஸ் சிற்றிக் கழகம், போர்க்காலத்திற் கொடுத்த பணம் பற்றிய ஏடுகளைக் காட்ட மறுத்தமையால் லீக்கினின்றும் நீக்கப்பட்டது; அதன் வீரர் ஒரு விடுதியிலே ஏலத்தில் விற்கப்பட்டனர். கணக்கேட்டை மறைத்தவர் நிருவாகிகள். ஏலத்தில் நின்றவர் ஆடியவர்.

தலைவரம்பு காலத்துக்குக் காலம் உயர்ந்து 1958 இல் 20 பவுணாயிற்று. ஆயிரக்கணக்கானோர் நுழைவுப்பணம் கொடுத்துக் காணும் ஆட்டத்தை ஆடியவன், தொழிற்சாலைத் தொழிலாளியின் ஊதியத்தைச் சிறிதே விஞ்சிய தொகையைப் பெற்றான். ஜிம்மி ஹில் தலைமையில் வீரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்ய முனைந்தது. 1961 சனவரியில் அவ்வரம்பு நீக்கப்பட்டது. உடனே புல்ஹாம் கழகத்து ஜொனி ஹெயின்ஸ் வாரம் 100 பவுண் பெறலானார். 1963 இல் ஜோர்ஜ் ஈஸ்ற்றம் நியூகாசில் கழகத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பின்னரும் வீரனைப் பிடித்து வைக்கும் முறை தொழிலுரிமைக்கு நியாயமற்ற தடை என்று நீதிபதி வில்பர்போர்ஸ் தீர்ப்பளித்தார்.

வரம்பு என்னும் கருத்து வேறோர் உருவில் ஐக்கிய அமெரிக்காவில் எழுந்தது. அந்நாட்டார் உதைபந்தாட்டம் என வழங்குவது கைகளாற் பந்தைக் கொண்டோடும் வேறோர் ஆட்டமாகும். அதன் தேசிய லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே நிகழ்ந்த நீண்ட வழக்குகளின் பின் 1993 இல் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி வீரர் கழகம் மாறும் உரிமை பெற்றனர். கழகங்கள் மொத்த ஊதிய வரம்பைப் பெற்றன. 1994 இல் அவ்வரம்பு கழகமொன்றுக்கு 34.6 மில்லியன் டொலர். 2024 இல் 255.4 மில்லியன். லீக்கின் வருவாயோடு பிணைக்கப்பட்டமையால் இவ்வரம்பு பொதுவாக உயர்ந்து செல்வது. கொள்ளை நோய்க் காலத்தில் வருவாய் குன்றவே, 2020 இல் 198.2 மில்லியனாக இருந்த வரம்பு 2021 இல் 182.5 மில்லியனாகத் தாழ்ந்தது.

எஞ்சிய பொருளை மதிப்பிடும் முறை பின்வருமாறு. அவ்வாண்டின் வரம்போடு, சென்ற ஆண்டிற் செலவிடாது முன்கொணர்ந்த மீதியைக் கூட்டுதல் வேண்டும். அதினின்றும் நடப்பு ஒப்பந்தங்களின் தொகையைக் கழித்தல் வேண்டும். ஆட்டமில்லாத மாதங்களில் மிகப் பெரிய 51 ஒப்பந்தங்கள் மட்டுமே கணக்கிற் சேரும். இங்கே நுட்பமான விதி ஒன்றுண்டு. ஒப்பந்தத்திற் கையொப்பமிடும்போது வீரனுக்கு ஒருங்கே கொடுக்கும் பணம், கணக்கேட்டில் ஐந்தாண்டு வரை சமமாகப் பிரித்து எழுதப்படும். ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு 20 மில்லியன் கையொப்பப் பணம் கொடுத்தால் ஆண்டுக்கு 4 மில்லியன் கணக்கில் ஏறும். ஈராண்டின் பின் அவ்வீரனை நீக்கினால் எழுதப்படாத 12 மில்லியனும் கணக்கில் வந்து வீழும். ஆடாதவன் பெயரில் நிற்கும் இச்சுமையை அந்நாட்டார் 'இறந்த பணம்' என்பர். துருசுக்குக் கீழ்க் கிடக்கும் நீர் போல் அது குளத்தில் உண்டு, வயலுக்கு இல்லை.

எடுத்துக்காட்டாக ஒரு கழகத்தைக் கற்பித்துக் கொள்ளலாம். வரம்பு 250 மில்லியன், முன்கொணர்ந்த மீதி 10, கூட்டுத்தொகை 260. நடப்பு ஒப்பந்தங்கள் 215. இறந்த பணம் 25. இரண்டும் சேர்ந்து 240. எஞ்சுவது 20 மில்லியன். புதிய வீரனைத் தேடுவோர் இத்தொகையைக் கண்டு மகிழ்வர். ஆயின் இனி எடுக்க வேண்டிய இளம் வீரர்க்கும், பயிற்சி அணிக்கும், காயமுற்றோர்க்குப் பதிலாக வருவோர்க்கும் 12 மில்லியன் ஒதுக்குதல் வேண்டுமாயின், உண்மையிற் கையாளத்தக்கது 8 மில்லியனே. இவ்விரண்டாம் கழித்தலை மறந்த மதிப்பீடு மதிப்பீடாகாது.

இறந்த பணத்தின் கொடுமைக்கு டென்வர் கழகம் சான்றாகும். 2022 இல் ரசல் வில்சன் என்னும் வீரருக்குப் பெரும் ஒப்பந்தம் அளித்த அக்கழகம் 2024 இல் அவரை நீக்கியது. ஏறத்தாழ 85 மில்லியன் டொலர், 53 உம் 32 உமாக ஈராண்டுக் கணக்கிற் சுமையாக நின்றது. ஒரு தவறான மதிப்பீடு, அதனைச் செய்தவரை மட்டுமன்றிப் பின்னர் வந்து சேரும் வீரரின் வாய்ப்பையும் சுருக்கிவிடுகின்றது.

வரம்பை ஏமாற்ற முயன்றோரும் உளர். அவுஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடும் மெல்பேண் கழகம், மெய்யான ஒப்பந்தங்களை மறைத்து இரட்டைக் கணக்கு வைத்திருந்தமை 2010 இல் வெளிப்பட்டது. 2007 இலும் 2009 இலும் அது வென்ற பட்டங்கள் பறிக்கப்பட்டன. ஸ்பெயினில் வருவாய்க்கேற்பக் கழகந்தோறும் வேறுபடும் செலவு வரம்பு உண்டு. பதின்மூன்று வயதிற் பார்சிலோனாவுக்கு வந்து இருபதாண்டுக்கு மேல் அங்கேயே ஆடிய மெசியை, 2021 ஓகத்து 5 ஆந் திகதி அக்கழகம் பிரிய நேர்ந்தது. வீரரும் தங்க விரும்பினார், கழகமும் வைத்திருக்க விரும்பியது, கணக்கு இடந்தரவில்லை.

தமிழர் அண்மையிற் கண்ட எடுத்துக்காட்டு கிரிக்கெட்டினது. 2008 இல் இந்தியன் பிரீமியர் லீக்கின் முதல் ஏலத்தில் அணியொன்றுக்கு 5 மில்லியன் டொலர் வரம்பு இடப்பட்டது. சென்னை அணி தோனிக்கு மட்டும் 1.5 மில்லியன் கொடுத்தது. 2025 ஆம் ஆண்டுப் போட்டிக்கு வரம்பு 120 கோடி உரூபா. சென்னை அணி கெய்க்வாட், ஜடேஜா இருவர்க்கும் தலைக்கு 18, இலங்கை வீரர் பத்திரனவுக்கு 13, துபேக்கு 12, தோனிக்கு 4 கோடி என 65 கோடியை முன்னரே கட்டுப்படுத்தியது. ஏலத்துக்கு எஞ்சியது 55 கோடி. ஐவர்க்குப் பாதிக்கு மேற் போக, மற்றெல்லார்க்கும் மீதியே பங்காயிற்று.

இவ்வரலாற்றினின்றும் பெறப்படும் முடிவு யாது? வரம்பு தன்னளவில் நீதியுமன்று, அநீதியுமன்று. 1901 இன் ஆங்கில வரம்பு முதலாளிகள் தனித்து இட்டது. ஆட்டத்தின் வருவாய் வளர்ந்தும் வீரன் பங்கு அதற்கேற்ப வளரவில்லை. 1993 இன் அமெரிக்க வரம்பு வீரர் சங்கத்தோடு பேசி இட்டது, வருவாயோடு உயர்வது. 2011 இன் உடன்படிக்கை, குறித்த ஆண்டுகளில் வரம்பின் நூற்றுக்கு 89 பங்கையேனும் கழகங்கள் வீரர்க்குச் செலவிட வேண்டும் என்று கீழெல்லையும் வகுத்தது. மேலெல்லை மட்டும் உள்ள கணக்கு வலியோனைக் காக்கும். கீழெல்லையும் உள்ள கணக்கே உழைப்போனையும் காக்கும்.

வன்னியின் ஊர்க் கழகங்கள் இப்பெருந் தொகைகளைக் காண்பன அல்ல. ஊரவர் நன்கொடையாலும் கடல் கடந்த உறவினர் உதவியாலும் பந்தும் பாதணியும் பெற்று ஆடுவன அவை. ஆயினும் கணக்கின் நெறி ஒன்றே. கொடுத்த வாக்கை முதலிற் கழித்து, வரக்கூடிய இடருக்கு ஒதுக்கி, எஞ்சியதையே தன்னது என எண்ணுதல் வேண்டும். அவ்வேட்டைப் பலரும் காணத் திறந்து வைத்தலும் வேண்டும். குளத்து நீரை எல்லோர் முன்னிலையிலும் அளந்து பங்கிடும் மக்களுக்கு இந்நெறி புதியதன்று.