நிலாவாரை (திருநெல்வேலி சென்னா)

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, இடுப்பளவு வளரும் மஞ்சள் பூச்செடி. இதன் உலர்ந்த இலையும் தட்டையான காயும் மலச்சிக்கலுக்கு மருந்து. வெந்நீரில் ஊறவைத்துத் தேநீராகவும் குடிக்கிறார்கள். தாவரவியல் பெயர் சென்னா அலெக்ஸாண்ட்ரினா. பழைய நூல்களில் காசியா அங்குஸ்டிஃபோலியா. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துச் சம்சாரிகள் அவுரி என்பார்கள். நீலச்சாயம் எடுக்கும் அவுரி வேறு.

இது கரிசலில் பிறந்த செடி அல்ல. அரேபியாவும் செங்கடலுக்கு மேற்கே உள்ள வறண்ட நிலங்களும் இதன் தாயகம். நபிமொழித் தொகுப்புகளில் 'சனா' என்ற பெயரில் இடம்பெறுகிறது. யுனானி மருத்துவர்களுக்கு இன்றும் அது சனா மக்கி. சூடான் இலை அலெக்ஸாண்ட்ரியாத் துறைமுகம் வழியே ஐரோப்பா போனது. நம் நாட்டு மருந்துக்கடைகளுக்கு அரேபிய இலை மேற்குக் கரை வழியே வந்தது. 'சூரத்து நிலாவாரை' என்ற வழக்கு அந்த வணிகத்தின் மிச்சம்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையில் இதைப் பயிராக்கியவர் ஹியூஸ் என்ற ஆங்கிலேய வணிகர் என்பார்கள். மருந்துச் சந்தையில் சரக்கு 'டின்னவெல்லி சென்னா' ஆயிற்று. பிரிட்டிஷ் மருந்து நூலில் அலெக்ஸாண்ட்ரியா இலைக்குப் பக்கத்திலேயே இதற்கும் இடம் கிடைத்தது. இரண்டையும் பிரித்தறிவது மருந்தியல் மாணவர்களின் பழைய பாடம். அலெக்ஸாண்ட்ரியா இலை பெரும்பாலும் உடைந்து வரும். நம்முடையது கையால் பறித்து, பேலாக அழுத்திக் கட்டி அனுப்பப்படுவது. அதனால் இலை முழுசாக இருக்கும். ஓர் இலையின் நரம்பு அடுத்த இலைமேல் கோடாகப் பதிந்திருக்கும். கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தாலே தெரியும்.

கரிசலுக்கும் இதற்கும் பொருத்தம் நன்றாக அமைந்தது. புரட்டாசி, ஐப்பசியில் மானாவாரியாக விதைத்தால், மழை ஓய்ந்த பிறகு மண்ணில் தங்கிய ஈரமே போதும். தண்ணீர் தேங்கினால்தான் செடி போய்விடும். ஆடு மாடு வாய் வைப்பதில்லை என்பது சம்சாரிக்கு இன்னொரு நிம்மதி. வேலிச் செலவு மிச்சம். இரண்டு மூன்று மாதத்தில் முதல் பறிப்பு. இலையை நிழலில், மெல்லிசாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். கடும் வெயிலில் போட்டாலும் குவித்து வைத்தாலும் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் விலையும் போச்சு. பின்னாளில் ராஜஸ்தான், கட்ச் பகுதிகளும் போட்டிக்கு வந்தன. ஏற்றுமதிக்குத் தூத்துக்குடித் துறைமுகம் பக்கத்திலேயே இருப்பது நம்மவர்களுக்கு வசதி.

இலையின் மருந்துச் சத்தான சென்னோசைடுகளை 1941இல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் பிரித்தெடுத்தனர். இவை சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்த பிறகே வேலை தொடங்கும். இரவில் குடித்தால் காலையில் பலன் தெரிவது அதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா உண்டு. இந்த இலையைக் கொண்டு செய்யும் சித்த மருத்துவத்தின் நிலவாகைச் சூரணத்தில் சுக்கும் ஓமமும் சேர்ப்பது வயிற்று முறுக்கலைத் தணிக்க.

மேல்நாடுகளில் உடல் இளைக்க வைக்கும் தேநீர் என்று விற்கப்படும் பொட்டலங்கள் பலவற்றில் இருப்பது இந்த இலைதான். எடை குறைவதாகத் தோன்றுவது பெரும்பாலும் நீர் இழப்பு, கொழுப்பு கரைவதில்லை. நாள் கணக்கில் தொடர்ந்தால் உடலில் பொட்டாசியம் குறையும், குடலும் சோம்பிப்போகும். ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. குடலடைப்பு உள்ளவர்கள் தொடவே கூடாது.

விளைகிற ஊரில் இந்த இலையைத் தேநீராகக் குடிப்பவர்கள் குறைவு. விளைச்சலில் பெரும்பகுதி கப்பல் ஏறுகிறது. இங்கே பலருக்கும் பழக்கமானது இதே பேரினத்தைச் சேர்ந்த ஆவாரை. சாலையோரத்திலும் தரிசிலும் தானாக முளைக்கும் அதன் பூவைக் காயவைத்துக் கொதிக்கவைக்கிறார்கள், பேதி மருந்தாக அல்ல, உடல் சூட்டுக்கும் சர்க்கரை நோய்க்கும் என்று.