மணிக் கணக்கில் வேலை, மாதக் கணக்கில் காத்திருப்பு

கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ மணிக் கணக்கில் பாடம் எடுப்பவர்கள் நம்மவர் குடும்பங்களில் இப்போது நிறையவே இருக்கிறார்கள். கெஸ்ட் லெக்சரர், கௌரவ விரிவுரையாளர் என்று பெயரெல்லாம் பெரிசுதான். வேலைக்குச் சேரும்போது ஒரு வகுப்புக்கு எவ்வளவு என்று பேசுவார்கள். அது எப்போது கைக்கு வரும் என்று யாரும் பேசுவதில்லை. "எப்படியும் வரத்தானே போகிறது" என்று நாமும் சமாதானம் சொல்லிவிடுகிறோம்.

பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிற எனக்கு இந்தச் சமாதானம் ஒப்புவதில்லை. தாமதமாக வரும் பணம் குறைந்த பணம்தான். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நான் பிழைக்க வந்த இந்த மும்பையின் பஞ்சாலைகளை வைத்து நூறு வருஷம் முன்பே சண்டை போட்டிருக்கிறார்கள்.

1925-லேயே வாரக்கூலி கேட்டு மத்திய சட்டசபையில் ஒரு தனிநபர் மசோதா வந்தது. அரசாங்கம் "பார்க்கிறோம்" என்றது, மசோதா வாபஸ் ஆனது. பிறகு 1929-ல் தொழிலாளர் நிலையை ஆராய ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். தலைவர் விட்லி, பிரிட்டிஷ் காமன்ஸ் சபையின் முன்னாள் சபாநாயகர். உறுப்பினர்களில் முதலாளிகள் தரப்பில் விக்டர் சஸூன், ஜி.டி.பிர்லா, தொழிலாளர் தரப்பில் என்.எம்.ஜோஷி, சமன்லால். நம் வலங்கைமான் ஸ்ரீனிவாச சாஸ்திரியாரும் அதில் உண்டு.

1931-ல் வந்த அவர்கள் அறிக்கையைப் பார்த்தால் ஊருக்கு ஊர் ஒரு வழக்கம். வங்காளத்துச் சணல் ஆலைகளில் வாரச் சம்பளம், ஆனால் ஒரு வாரக் கூலியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அகமதாபாத்தில் பதினைந்து நாள் அளவுக்கு ஒரு 'ஹப்தா'. (மும்பைவாசிகள் சிரிக்க வேண்டாம், அந்தக் காலத்தில் அது சம்பளம்தான், தாதா வசூல் இல்லை :-)) பம்பாய் ஆலைகளில் மாதச் சம்பளம். அதுவும் மாதம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து.

இங்கேதான் கணக்குப் போட வேண்டும். பதினைந்தாம் தேதி சம்பளம் என்றால், முந்தைய மாதம் முதல் நாள் செய்த வேலைக்குக் கூலி வர 45 நாள், கடைசி நாள் வேலைக்கு 15 நாள். சராசரி 30 நாள். அதாவது ஒவ்வொரு தொழிலாளியின் ஒரு மாதக் கூலி எப்போதுமே முதலாளி கையில், வட்டியில்லாமல்! தொழிலாளியோ வயிற்றுக்கு மளிகைக் கடையில் கடன் வைத்தான், இல்லையென்றால் வட்டிக்கு வாங்கினான். பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் கடனில் இருந்தார்கள் என்றது கமிஷன். சாதாரண வட்டியே ரூபாய்க்கு மாதம் ஓரணா. வருஷத்துக்கு 75 சதவீதம்!

ஆக, ஒரு மாதக் கூலியை இப்படிக் கடன் வாங்கியே ஓட்டியவனுக்கு ரூபாய்க்கு ஓரணா போயிற்று. பின்னால் வந்த சட்டம், அபராதமாகக் கூலியில் ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் பிடிக்கக்கூடாது என்றது. தாமதம் பிடித்துக்கொண்டது அதைப்போல இரண்டு மடங்கு.

ஆலைகளிலும் ரயில்வே பட்டறைகளிலும் சம்பள இடைவெளி 16 நாளைத் தாண்டக்கூடாது என்று கமிஷன் பரிந்துரைத்தது. ஆனால் 1936-ல் வந்த ஊதியம் வழங்கல் சட்டம் ஒரு மாதம் வரை போகலாம் என்று விட்டுவிட்டது. ஆயிரம் பேருக்குக் குறைவாக உள்ள இடத்தில் ஏழாம் நாளுக்குள், மற்ற இடத்தில் பத்தாம் நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றது. அதுவே அன்றைக்குப் பெரிய விஷயம்தான். அந்த 1936-ல் சாஸ்திரியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அந்தச் சட்டமோ தொழிற்சாலைக்கும் ரயில்வேக்கும்தான். வகுப்பறை அதில் இல்லை.

இன்றைக்கு வருவோம். 2019-ல் யூஜிசி கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று நிர்ணயித்தது. நல்ல தொகைதான். ஆனால் அந்த 1500 மூன்று மாதம் தள்ளி வருகிறது என்று வையுங்கள். அதுவரை வீட்டுச் செலவு கிரெடிட் கார்டில், மாதம் 3 சதவீத வட்டியில் ஓடினால் 135 ரூபாய் போச்சு. வகுப்பு எடுத்தவருக்குக் கிடைத்தது 1365. எந்த ஆணையிலும் இந்தக் குறைப்பு எழுதியிருக்காது.

வாடகையும் பள்ளிக் கட்டணமும் மாதக் கணக்கில்தானே, சம்பளமும் அப்படியே இருக்கட்டுமே என்று கேட்கலாம். நிரந்தரச் சம்பளக்காரருக்குச் சரி. அவருக்கு எவ்வளவு வரும், என்றைக்கு வரும் என்று தெரியும். மணிக் கணக்குக்காரருக்குப் பரீட்சை வந்தால் வகுப்பில்லை, லீவு விட்டால் வகுப்பில்லை. தொகையே நிச்சயமில்லாதவருக்குத் தேதியாவது நிச்சயமாக இருக்க வேண்டாமா?

வேலைப்பளு என்பார்கள். அந்தக் காலத்தில் நாணயத்தை எண்ணிப் பொட்டலம் கட்ட வேண்டியிருந்தது, சரி. 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது. வருகைப் பதிவேட்டில் மணிக் கணக்கு அன்றன்றைக்கு ஏறியே ஆக வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூட்டிப் போடுவது எங்கள் தொழிலில் ஒரு வேலையே இல்லை.

2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, தினக்கூலி என்றால் ஷிஃப்ட் முடிந்ததும், வாரக்கூலி என்றால் வாரத்தின் கடைசி வேலை நாளில், பதினைந்து நாள் என்றால் முடிந்து இரண்டு நாளுக்குள், மாதம் என்றால் ஏழு நாளுக்குள் என்று சொல்கிறது. எந்தக் கணக்கு என்று தேர்ந்தெடுப்பது மட்டும் இன்றும் வேலை கொடுப்பவர்தான்.

விட்லி கமிஷன் சொன்ன பதினாறு நாள் எனக்கு இன்றைக்கும் நியாயமாகவே படுகிறது. உங்கள் வீட்டில் யாராவது இப்படி வேலைக்குச் சேர்ந்தால், மணிக்கு எவ்வளவு என்று கேட்கும்போதே எந்தத் தேதியில் என்றும் கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை, கடன் கொடுப்பது நாம்தானே!